வெறுமையாகிப் போன மேசைகள்: சியாட்டில் சந்தையின் மறந்துபோன பாதி

மீனைத் தூக்கி எறிந்து பிடிக்கிற அந்த வீடியோவை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒருவர் பெரிய சல்மன் மீனொன்றைத் தூக்கி எறிவார். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் அதை ஏந்திப் பிடிப்பார். சுற்றி நிற்கிற சனம் கைதட்டும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரத்தின் பைக் பிளேஸ் சந்தைதான் அது. வருடத்துக்கு ஒரு கோடி அளவில் ஆட்கள் வந்துபோகிற இடம். கொஞ்சம் தள்ளி ஸ்டார்பக்ஸ் கோப்பிக் கடையின் பழைய கிளை, அதன் வாசலில் எப்பவும் ஒரு கியூ. சந்தை வாசலில் பெரிய வெண்கலப் பன்றி உண்டியல். சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும்.

இந்தக் கட்டுரை அதே சந்தையின் மரக்கறி மேசைகளைப் பற்றியது. அங்கே விற்ற தோட்டக்காரரில் பெரும்பகுதியினர் 1942 ஆம் ஆண்டு சில வாரங்களுக்குள் எப்படி இல்லாமல் போனார்கள், அந்த நகரம் அதை எப்படி மறந்தது, பிறகு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நினைத்துப் பார்த்தது என்பதுதான் கதை. கதை தொடங்குவது வெங்காயத்தில்.

வெங்காய விலை

1906 இலிருந்து 1907 க்குள் சியாட்டிலில் ஒரு இறாத்தல் வெங்காயத்தின் விலை 10 சதத்திலிருந்து ஒரு டொலர் வரைக்கும் ஏறிவிட்டது. பத்து மடங்கு. நகரத்து வீடுகளில் இதுதான் பேச்சு. ஆனால் வெங்காயத்தை விளைவித்தவன் பணக்காரன் ஆகவில்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமில்லை. தோட்டக்காரர் தங்கள் பொருளை வெஸ்டர்ன் அவெனியூவில் இருந்த கொமிஷன் வியாபாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கையில் காசு வராது. வியாபாரி அதை விற்ற பிறகு, தன் கொமிஷனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். என்ன விலைக்கு விற்றது, எவ்வளவு பழுதாய்ப் போனது எண்டு அவர் சொல்வதுதான் கணக்கு. சில நாள் லாபம், சில நாள் முதலுக்கு மோசமில்லை, சில நாள் வண்டிக் கூலிக்கும் காணாது. வாங்குகிறவனுக்கும் நஷ்டம், விளைவிக்கிறவனுக்கும் நஷ்டம். இந்தக் கணக்கை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நகரசபை உறுப்பினர் தோமஸ் ரெவெல் ஒரு யோசனை கொண்டுவந்தார். தோட்டக்காரர் தங்கள் வண்டிகளை ஒரு தெருவில் நிறுத்தி நேரடியாக விற்கட்டும், இடையில் ஒருவரும் வேண்டாம். 1907 ஓகஸ்ட் 17, ஒரு சனிக்கிழமை, பைக் பிளேஸ் என்ற தெருவில் சந்தை திறந்தது. அதற்கு முதல் நாள் இரவு கொமிஷன் வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்குப் போய்க் கிடைத்ததை எல்லாம் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். சந்தை முதல் நாளே படுத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

அப்படியும் பத்து வண்டிகள் அளவில் வந்து சேர்ந்தன. ஆனால் வாங்க வந்த சனமோ ஆயிரக்கணக்கில். மத்தியானத்துக்கு முன்னமே எல்லாம் விற்றுத் தீர்ந்து, கன பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வண்டிகள் பெருகின. அலாஸ்கா பக்கத்துக் குளொண்டைக் தங்க வேட்டையில் காசு பார்த்த ஃபிராங்க் குட்வின் அந்த இடத்தில் காணி வைத்திருந்தார். அந்த வருடம் நவம்பர் மாதமே கூரை போட்ட முதல் கட்டடத்தைத் திறந்தார். விளைவித்தவரை நேரில் சந்தியுங்கள் என்பது சந்தையின் அடையாள வாசகம் ஆனது. இன்றைக்கும் அது அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

சரி, அந்த விளைவித்தவர் யார்?

மரக்குற்றி நிலம்

சியாட்டிலைச் சுற்றியிருந்த பெருங்காடுகளை மரக் கொம்பனிகள் வெட்டி முடித்திருந்தன. மிஞ்சியது நிலத்துக்குள் வேரோடிப்போன ராட்சத மரக்குற்றிகள். அதைத் தோட்டமாக்குவது எலும்பை முறிக்கிற வேலை. குற்றியைச் சுற்றிக் கிண்டி, வெடி வைத்துக் கிளப்பி, குதிரை கட்டி இழுத்து, எரித்து, பிறகுதான் ஒரு விதை போடலாம்.

ரயில் பாதை போடவும் மர ஆலைகளில் கூலி வேலை செய்யவும் வந்த யப்பானியர் பலர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரக் காணிக்காரரிடம் சில வருடக் குத்தகைக்கு எடுத்து, குற்றிகளைக் கிளப்பி, தோட்டம் செய்தார்கள். வைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோவா, சலாது, கீரை, பட்டாணி. பெல்வியூவிலும் பெயின்பிரிட்ஜ் தீவிலும் ஸ்ட்ரோபெரி. குத்தகை முடியும்போது காணிக்காரருக்குத் துப்புரவான நிலம் திரும்பிப் போகும். இவர்கள் அடுத்த குற்றிக் காணிக்குப் போவார்கள்.

பைக் பிளேஸ் சந்தையில் இத்தாலியர், யப்பானியர், பிலிப்பினோக்கள், இன்னும் பல நாட்டவர் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் விற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் தோட்டக்காரர் மேசைகளில் மூன்றில் இரண்டு பங்கு, சில கணக்குகளின்படி அதிலும் கூட, யப்பானியக் குடும்பங்களிடம் இருந்தது. அந்த நகரத்தின் குசினிகளுக்குப் போன மரக்கறியில் பெரும்பகுதி அவர்களுடைய கையால் விளைந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்களில் மூத்த தலைமுறைக்கு அமெரிக்கக் குடியுரிமை எடுக்கும் உரிமையே கிடையாது. அந்தக் காலத்துச் சட்டப்படி வெளியிலிருந்து வந்த ஒருவர் குடியுரிமை பெற வேண்டுமெண்டால் வெள்ளையராகவோ ஆபிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். யப்பானியர் இதற்குள் வரமாட்டார்கள் என்று 1922 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முதல் வருடமே வாஷிங்டன் மாநிலம் ஒரு காணிச் சட்டம் போட்டிருந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் காணி வாங்கவும் முடியாது, குத்தகைக்கு எடுக்கவும் முடியாது. சட்டத்தில் யப்பானியர் என்ற சொல் தேவைப்படவில்லை. தகுதியில்லாதவர் என்ற சொல் அந்த வேலையைச் செய்தது.

சனம் வழி தேடியது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். அதனால் பிள்ளைகளின் பெயரில் காணி எழுதினார்கள். 1923 இல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியையும் அடைக்கப் பார்த்தார்கள். பிறகு நம்பிக்கையான வெள்ளைக்கார நண்பர் பெயரில், வயதுக்கு வந்த பிள்ளை பெயரில், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் என்று தோட்டம் தொடர்ந்தது. இருபது வருடம் உழுத நிலத்துக்கு ஒரு துண்டுக் கடதாசிகூடக் கையில் இல்லாத குடும்பங்கள் பல. சந்தை மேசையில் நின்று சிரித்துக்கொண்டு கோவா விற்றவர் பின்னால் இவ்வளவும் இருந்தது.

1942 வசந்தம்

1941 டிசம்பர் 7, யப்பானியப் படை பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 ஆம் இலக்க நிறைவேற்று ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையோரத்திலிருந்து யப்பானிய வம்சாவளியினரை இராணுவம் அகற்றலாம் என்பதுதான் அதன் விளைவு. 1 லட்சத்து 20 ஆயிரம் அளவிலான மக்கள் அகற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.

முதலில் கை வைக்கப்பட்டது சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில். மார்ச் 30 ஆம் திகதி 227 பேரை இராணுவம் படகில் ஏற்றியது. கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோகலாம். ஏப்ரல், மே மாதங்களில் சியாட்டில் நகரத்துக் குடும்பங்கள். அதைத் தொடர்ந்து பள்ளத்தாக்குத் தோட்டக்காரர்.

வசந்தம் என்பது தோட்டக்காரருக்கு எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். காசெல்லாம் நிலத்துக்குள் போயிருக்கும். விதை, பசளை, கூலி எல்லாம் கொடுத்து முடிந்திருக்கும். ஸ்ட்ரோபெரி ஜூனில் பழுக்கும். போகிற நாள் வரைக்கும் பயிரைப் பார்க்க வேண்டும், கைவிட்டால் அது நாசவேலையாகக் கருதப்படும் என்று தோட்டக்காரருக்கு எச்சரிக்கையும் விடப்பட்டிருந்தது. அறுவடை மட்டும் அவர்களுக்கு இல்லை. லொறி, குதிரை, உழவு சாமான் எல்லாம் அடிமாட்டு விலைக்குப் போயின.

சியாட்டில் ஆட்களைக் கொண்டுபோன முதல் இடம் பியூஆலப் என்ற ஊர்க் கண்காட்சி மைதானம். வருடாவருடம் விவசாயப் பொருட்காட்சி நடக்கிற இடம் அது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அங்கே அடைத்தார்கள். பார்வையாளர் அரங்குக்குக் கீழேயும், கார் தரிப்பிடத்தில் அவசரமாக அடித்த பலகைக் கொட்டில்களிலும் குடும்பங்கள் இருந்தன. சுற்றிவர முள்ளுக்கம்பி, காவல் கோபுரம். அதற்கு அதிகாரிகள் வைத்த பெயர் கேம்ப் ஹார்மனி, அதாவது இணக்க முகாம். முகாம்களுக்கு நல்ல நல்ல பெயர் வைக்கிற பழக்கம் எங்களுக்கும் தெரியாததில்லை.

அங்கிருந்து பெரும்பாலானவர்களை ஐடஹோ மாநிலத்தின் வறண்ட நிலத்தில் இருந்த மினிடோக்கா முகாமுக்கு அனுப்பினார்கள். புழுதியும் பற்றையுமான அந்த இடத்திலும் அவர்கள் பற்றை வெட்டி, வாய்க்கால் கிண்டி, மரக்கறி விளைவித்தார்கள். போர் முடிந்து முகாம் மூடப்பட்ட பிறகு அந்த நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குத் தோட்டக் காணியாகச் சீட்டுக் குலுக்கி வழங்கப்பட்டது. துப்புரவாக்கியது ஒருவர், காணி இன்னொருவருக்கு. மரக்குற்றிக் காலத்துக் கதைதான் திரும்பவும்.

இத்தாலியும் ஜெர்மனியும்கூட அந்த நேரத்தில் எதிரி நாடுகள்தானே எண்டு நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. இத்தாலிய, ஜெர்மானியத் தனிநபர்கள் சிலர் பிடிக்கப்பட்டார்கள், கட்டுப்பாடுகளும் இருந்தன. ஆனால் குடிமக்களையும் குழந்தைகளையும் சேர்த்து ஒரு சமூகம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. பைக் பிளேஸ் சந்தையின் கட்டுப்பாட்டை 1941 இல் கையில் எடுத்த ஜோ டெசிமோன் இத்தாலியிலிருந்து வந்த தோட்டக்காரர். அவர் அங்கேயே இருந்தார். பக்கத்து மேசைக்காரர் முகாமில் இருந்தார். 1983 இல் அமெரிக்க நாடாளுமன்றம் நியமித்த ஆணைக்குழு, இதற்கு இராணுவத் தேவை காரணமில்லை, இனத் துவேஷமும் போர்க்கால வெறியும் தலைமைகளின் தவறுமே காரணம் என்ற முடிவுக்கு வந்தது. 1988 இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு வழங்கச் சட்டம் செய்தது. 46 வருடம் கழித்து. மேசையில் நின்ற மூத்தவர்களில் கன பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

515 உம் 53 உம்

1939 இல் பைக் பிளேஸில் விற்க அனுமதி வைத்திருந்த தோட்டக்காரர் 515 பேர். 1949 இல் 53 பேர்.

இந்த வீழ்ச்சி முழுவதையும் 1942 இன் தலையில் கட்டிவிட முடியாது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் பள்ளத்தாக்குக்குப் பரவின, கூலியாட்கள் விமானத் தொழிற்சாலைக்குப் போனார்கள். பிறகு கார் வந்தது, வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்தது, சுப்பர் மார்க்கெட் வந்தது. சனம் புறநகருக்குக் குடிபோனது. இவை அமெரிக்கா முழுக்க நடந்தவை, பழைய சந்தைகள் பல இப்படித்தான் செத்தன. ஆனால் சியாட்டிலில் இந்த மாற்றங்கள் வந்து சேர்ந்தபோது, அவற்றை எதிர்த்து நிற்கக்கூடிய தோட்டக்காரரில் பெரும்பாலானவர்கள் ஏற்கனவே மேசையை விட்டு அகற்றப்பட்டிருந்தார்கள். ஒரு சந்தையின் மெலிவு இயற்கையாக வந்தது என்று எழுதுகிற வரலாறு இந்த வரிசையை மறைத்துவிடுகிறது.

திரும்பி வந்தவர்கள் சிலர் மட்டுமே. பெயின்பிரிட்ஜ் தீவில் நிலைமை கொஞ்சம் நல்லது. அங்கே பிலிப்பினோ வேலையாட்களும் அயலவர்களும் சில தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சின்னத் தீவின் பத்திரிகை அகற்றலை வெளிப்படையாக எதிர்த்தது. அதனால் அந்தத் தீவுக்குத் திரும்பியவர்கள் விகிதத்தில் அதிகம். ஸ்ட்ரோபெரிக்குப் பெயர்போன பெல்வியூவின் கதை வேறு. 1925 இலிருந்து நடந்துவந்த அதன் ஸ்ட்ரோபெரித் திருவிழா 1942 இல் நடக்கவில்லை, ஏனெண்டால் பழம் விளைவித்தவர்கள் முகாமில். 1946 இல் அந்த ஊரில் பெரிய வணிக வளாகம் ஒன்று எழும்பியது. தோட்டங்கள் வீடுகளும் வீதிகளும் ஆயின.

1971 வாக்கெடுப்பு

1960களில் நகர நிர்வாகத்தின் கண்ணுக்குப் பைக் பிளேஸ் ஒரு பாழடைந்த இடம். அதை இடித்துவிட்டு ஹொட்டேல், அடுக்குமாடி, அலுவலகங்கள், பெரிய கார் தரிப்பிடம் கட்டுவதற்குத் திட்டம் போட்டார்கள். மேயரும் நகரசபையில் பலரும் ஆதரவு. கட்டடக் கலைஞர் விக்டர் ஸ்டைன்புரூக் தலைமையில் 1964 இல் சந்தையின் நண்பர்கள் என்ற அமைப்பு உருவானது. அவர்கள் படம் வரைந்து, கையெழுத்து வாங்கி, தெருத் தெருவாய்ப் பிரசாரம் செய்தார்கள். கடைசியில் 1971 நவம்பர் 2 ஆம் திகதி நகரத்து மக்கள் வாக்களித்தார்கள். 76,369 பேர் சந்தையைக் காப்பாற்றச் சொன்னார்கள், 53,264 பேர் எதிர்த்தார்கள். 7 ஏக்கர் பகுதி வரலாற்று வலயமாக அறிவிக்கப்பட்டது.

சும்மா சொல்லக்கூடாது, இது பெரிய வெற்றி. அவர்கள் கட்டடத்தை மட்டும் காப்பாற்றவில்லை. சந்தையைப் பொது நிறுவனமொன்றின் கையில் கொடுத்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான வீடுகள், மருத்துவ நிலையம், முதியோர் நிலையம், சிறுபிள்ளைப் பராமரிப்பு எல்லாம் சந்தைக்குள்ளேயே இன்றைக்கும் இருக்கின்றன. வெண்கலப் பன்றியின் உண்டியல் காசும் இந்தச் சேவைகளுக்குத்தான் போகிறது.

ஆனால் சந்தையைக் காப்பாற்றிய கதை சொல்லப்பட்ட அளவுக்கு, சந்தை ஏன் காப்பாற்றப்பட வேண்டிய நிலைக்கு வந்தது என்ற கதை சொல்லப்படவில்லை. 1990களின் கடைசியில்தான் யப்பானிய அமெரிக்கத் தோட்டக்காரரின் கதையைச் சொல்லும் ஐந்து ஓவியத் தகடுகள் சந்தை வாசலுக்குள் மேலே மாட்டப்பட்டன. கடதாசி வெட்டு ஓவியக் கலைஞர் அகி சொகாபே செய்தவை. காடு வெட்டுவதில் தொடங்கி, தோட்டம், சந்தை, கடைசித் தகட்டில் ஆளில்லாத இடம் வரைக்கும் வரும். கீழே மீன் பார்க்கிற அவசரத்தில் நிற்கும் கூட்டத்தில் மேலே நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

அங்கே போனால்

உங்களில் சிலருக்குச் சியாட்டில் பக்கம் சொந்தக்காரர் இருக்கலாம், படிக்கப் போகிறவர்களும் இருக்கலாம். போனால் விடியக் காலையில் போங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் தோட்டக்காரர், கைவினைஞர் பெயரைக் கூப்பிட்டு, மூப்பு வரிசைப்படி அன்றைக்குரிய மேசையைப் பங்கிடுவார்கள். உயரமாக அடுக்கி, வருடம் முழுக்க எல்லாப் பழமும் வைத்திருக்கிற நிரந்தரக் கடைகள் வேறு, தாங்களே விளைவித்ததை மட்டும் கொண்டுவருகிற நாள் மேசைகள் வேறு. வித்தியாசம் பார்த்து வாங்குங்கள்.

பூ மேசைகளில் கட்டாயம் நில்லுங்கள். அங்கே பூங்கொத்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மோங் சமூகத்தினர். லாவோஸில் அமெரிக்காவின் இரகசியப் போருக்குள் இழுக்கப்பட்டு, 1975 இன் பின் தாய்லாந்து அகதி முகாம்கள் வழியாக வந்தவர்கள். 1980களில் அகதி விவசாயிகளுக்கான திட்டமொன்றின் மூலம் நிலமும் பயிற்சியும் கிடைத்து இந்தச் சந்தைக்கு வந்தார்கள். வெறுமையாகிக் கிடந்த மேசைகளை இன்னொரு போரின் அகதிகள் நிரப்பினார்கள். அவர்களிலும் பலர் செய்வது குத்தகைக் காணியில். நகரம் வளர வளர அந்தப் பள்ளத்தாக்குக் காணிகளின் விலையும் ஏறுகிறது. மேசை இருக்கிறது, காணி இருக்குமா என்ற கேள்வி அங்கே இன்னும் முடியவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் அந்நியர் காணிச் சட்டத்தை நீக்கச் சொல்லி 1960 இலும் 1962 இலும் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். 1966 இல்தான் அது போனது. சியாட்டில் மக்கள் சந்தையைக் காப்பாற்ற வாக்களித்ததற்கு வெறும் ஐந்து வருடத்துக்கு முன்னால். ஒரு சந்தையில் யார் நிற்கலாம் என்பதை மேசைக்கு முன்னமே காணிச் சட்டம் தீர்மானித்துவிடுகிறது.

1996 இல் சியாட்டிலில் டென்ஷோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முகாம்களில் இருந்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் சொல்வதை ஒளிப்பதிவு செய்து, எல்லாரும் பார்க்கக்கூடியதாக வைப்பதுதான் அதன் வேலை. எங்கே காணி, என்ன பயிர், எந்த மேசை, யார் வாங்கினார், போகும்போது குதிரையை யாரிடம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது. எங்கட ஊர்ச் சந்தைகளில் முப்பது நாற்பது வருடமாக நிற்கிற அம்மாமார், அப்புமார் இன்னும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி எல்லாரிடமும் இருக்கிறது. இடம்பெயர்வதற்கு முன் எந்தக் காணியில் தோட்டம் செய்தீர்கள், எந்தச் சந்தைக்குக் கொண்டுபோனீர்கள், பக்கத்தில் யார் நின்று விற்றார்கள் எண்டு கேட்கத் தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.